ஹீலியம் பலூன்: உச்சி ஒட்டில் கசிவு, என்ன செய்யலாம்?

உதவி வேணும் நண்பர்களே. ஒத்தக்கடை யானைமலையை மேலிருந்து படமெடுக்க, கயிறு கட்டி ஏற்றும் பலூன் இது. 50 மைக்ரான் பாலித்தீன், ஆரஞ்சுச் சுளை மாதிரி 8 துண்டு. ஒவ்வொன்றும் 2.36 மீட்டர் நீளம், நடுவில் 59 செ.மீ. அகலம், ஒட்டு ஓரம் தனி. விட்டம் 1.5 மீட்டர், உள்ளே 1.77 கன மீட்டர். கன மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ தூக்கும். தோல் 325 கிராம், கேமரா தொங்கலோடு 350, நைலான் கயிறு 150 போக 900 கிராமுக்கு மேல் மிச்சம். அந்த மிச்சம் அவசியம். குறைந்தால் லேசான காற்றுக்கே பலூன் சாய்ந்து தரைக்கு வந்துவிடும். (ஆடி மாசம் நினைக்கவே வேண்டாம்.)

சிக்கல் உச்சியில். 8 முனையும் கூடுமிடத்தில் பேப்பர் வைத்து அயர்ன் பாக்ஸால் ஒட்டினால் ஒரு மடிப்பு சுருங்கிக்கொள்கிறது. சோப்புத் தண்ணி தடவினால் கடுகு கடுகாகக் குமிழ். முனைகளை வெட்டிவிட்டு வட்டத் துண்டு வைத்து ஒட்டுவதா, டேப்பே தாங்குமா?

இன்னொன்று: கேமரா சுற்றாமல் இருக்க, பலூனுக்கு எத்தனை அடி கீழே கட்டுகிறீர்கள்? மதுரையில் சின்ன ஹீலியம் சிலிண்டர் வாடகைக்குக் கிடைக்குமா? ஹைட்ரஜன் யோசனை மட்டும் வேண்டாம், தீப்பிடிக்கும்.