விசுவாசப் பிரமாணத்தைச் சொல்கிறோம்; அதன் பொருளைச் சபை கற்பிக்கிறதா?

திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையிலிருந்து:

என் சித்தி வீட்டிற்கு யெகோவாவின் சாட்சிகள் இருவர் வந்திருந்தபோது நானும் உடனிருந்தேன். குமாரனை "சர்வ சிருஷ்டிக்கும் முந்தின பேறுமானவர்" என்னும் கொலோசெயர் 1:15-ஐயும், "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்று இயேசு சொல்லும் யோவான் 14:28-ஐயும் சித்தியின் வேதாகமத்திலிருந்தே வாசிக்கச் செய்து, அப்படியானால் இயேசுவும் படைக்கப்பட்டவர்தானே என்று மரியாதையாகவே கேட்டார்கள். பல சங்கீதங்களை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய சித்தியால், "எங்கள் ஐயரிடம் (குருவானவரிடம்) கேட்டுச் சொல்கிறேன்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல இயலவில்லை.

அது புதிய கேள்வியன்று. குமாரனும் படைக்கப்பட்டவரே என்று அலெக்சாந்திரியாவின் குருவாகிய ஆரியுஸ் எழுப்பியதற்கு 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் மறுமொழி கூறிவிட்டார்கள். குமாரன் பிதாவினால் ஜெநிப்பிக்கப்பட்டவர், உண்டாக்கப்பட்டவரல்லர் என்று திருவிருந்து ஆராதனையில் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணத்தில் நாம் சொல்வது அதைத்தான். பதில் சித்தியின் நாவில் பல ஆண்டுகளாக இருந்தது. அது எந்தக் கேள்விக்குரிய பதில் என்பதைத்தான் சபை அவருக்குச் சொல்லவில்லை. சபையின் முழு அங்கத்தினராகும் திடப்படுத்தலுக்கான வகுப்பில் பிரமாணத்தைப் பிழையின்றி ஒப்புவித்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம். அதன்பின் பெரியவர்களுக்கென்று உபதேச வகுப்பே இல்லை. குருவானவரை மட்டும் குறைகூறவும் மனம் வரவில்லை. ஒரே சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதியில்) பல சபைகளையும், அசனப் பண்டிகை என்னும் சபை விருந்து முதல் கட்டடக் கணக்குவரை எல்லாவற்றையும் அவரே பார்க்க வேண்டியிருக்கிறது.

லுத்தரன் சபையிலிருந்து ஒரு மறுமொழி:

சகோதரரே, எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் நடந்ததையும் சொல்கிறேன். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்னும் மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்தை விளக்க வந்த ஆசிரியர், பனிக்கட்டி, நீர், நீராவி என்ற வழக்கமான உதாரணத்தைக் கரும்பலகையில் வரைந்தார். உடனே ஒரு சிறுவன், "அப்படியென்றால், இயேசு யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றபோது வானத்திலிருந்து பேசியது யார்?" என்று கேட்டான். ஒரே ஆள் மூன்று வேடம் தரிப்பதாகக் கொள்ளும் சபேலியுஸின் போதனையைத் திருச்சபை ஏன் தள்ளியது என்பதற்கு அதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை. ஆசிரியரோ, பெரியவனானால் புரியும் என்று அவனை உட்காரவைத்துவிட்டார். அவர் கல்லூரி மாணவர். பாட்டும் செயல்பாடும் நடத்தத்தான் அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தோம்.

ஜெர்மனியின் சாக்சனி நாட்டுச் சபைகளைப் பார்வையிட்டு, போதகர்களே உபதேசம் அறியாதிருப்பதைக் கண்டு மனம் நொந்துதான் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1529-இல் சிறிய ஞானோபதேசம் என்ற வினாவிடை நூலை எழுதினார். ஒவ்வொரு பகுதிக்கும் இதற்குப் பொருள் என்ன என்று கேட்டு விடைகூறும் அந்நூலை வீட்டுத் தலைவர் தம் வீட்டாருக்குக் கற்பிக்க வேண்டும் என்பதே அவர் எண்ணம். எங்கள் தாத்தா மாலை ஜெபத்தில் அப்படிக் கேட்பார். இப்போது அந்தப் புத்தகம் திடப்படுத்தலுக்கு முந்தைய சில வாரங்களுக்கு மட்டும் வெளியே வருகிறது. பிள்ளைகளுக்கு முன்பாக ஆசிரியர்களுக்கே அதை நடத்தும்படி போதகரிடம் கேட்டிருக்கிறோம், அவரும் இசைந்திருக்கிறார்.