திருச்சி – பலாலி: தூரம் பாதிதான், பிறகு ஏன் ஒரு மணி நேரம்?

விழுப்புரத்துக்காரன்:
நல்லூர்த் திருவிழாவுக்கு அம்மாவை யாழ்ப்பாணம் கூட்டிப் போக வேண்டும். எங்கள் ஊரிலிருந்து சென்னை, திருச்சி இரண்டு விமான நிலையமும் ஏறத்தாழ ஒரே தூரம், அதனால்தான் குழப்பம். வரைபடத்தில் அளந்தேன்: சென்னையிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு நேர்க்கோட்டில் 355 கிலோமீட்டர் போல வருகிறது, திருச்சியிலிருந்து 185 கூட இல்லை. ஆனால் அட்டவணையில் சென்னைக்கு ஒன்றேகால் மணி, திருச்சிக்கு ஒரு மணி. கால் மணி நேரம்தான் மிச்சமா? அம்மாவுக்கு முட்டி வலி, ரொம்ப நேரம் காலை மடக்கி உட்கார முடியாது.

வான்நோக்கி:
அட்டவணை நேரம் பறக்கும் நேரம் மட்டும் இல்லை சார். நிற்கும் இடத்தை விட்டு நகர்வதிலிருந்து அந்தப் பக்கம் போய் நிற்கும் வரைக்கும் கணக்கு. இரண்டு தடத்திலும் ஓடுவது ஏடிஆர் 72, அதாவது காற்றாடி வைத்த சின்ன விமானம், முழு வேகத்தில் மணிக்கு 500 கிலோமீட்டர் போகும். அந்த வேகத்தில் 185 கிலோமீட்டருக்கு 22 நிமிடம் போதும், ஆனால் திருச்சியில் கிளம்பி பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம் பக்கமாகக் கடலைத் தொடுவதற்குள் பாதி வழி முடிந்துவிடும், உயரம் பிடித்ததும் இறங்க ஆரம்பிக்க வேண்டியதுதான். ஓடுபாதைக்கு உருண்டு போவது, முறைக்குக் காத்திருப்பது, சுற்றி வந்து இறங்குவது எல்லாம் தூரம் குறைந்தால் குறையாது. கொஞ்சம் தாராளமாகவும் நேரம் போடுவார்கள், அதனால் சில நாள் முன்கூட்டியே இறங்கிவிடும்.

இரண்டு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்றுதான், டிக்கெட்டில் இருக்கும் நேரத்தை அப்படியே கழித்துப் பார்க்கலாம்.

வலிகாமத்தான்:
தம்பி, அம்மாவுக்கு முட்டி வலி என்றால் பறக்கிற நேரத்தை விடப் படிகளைத்தான் யோசிக்க வேணும். ஏடிஆருக்குப் பின்பக்கக் கதவில் படி, நிலத்தில் நடந்து வந்துதான் ஏற வேணும். பலாலியிலும் அப்படித்தான். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டு வையுங்கோ. பலாலியில் இருந்து யாழ்ப்பாண டவுனுக்கு ஓட்டோவில் முக்கால் மணித்தியாலம் வையுங்கோ. நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலும் இருக்குது, ஆனால் நாலு மணித்தியாலம் கடலில், அம்மாவுக்கு வேண்டாம்.

ரயில்பயணி:
விழுப்புரத்திலிருந்து என்றால் ரயிலை வைத்து முடிவு செய்யுங்கள். சென்னைக்குப் போனால் தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம், எதிரிலேயே விமான நிலையம், ஆனால் சுமையோடு வண்டி மாற வேண்டும், திரிசூலத்தில் நடக்கவும் வேண்டும். திருச்சியில் ஜங்ஷனில் இறங்கி ஒரே ஆட்டோ. நிலையமும் சின்னது, குடியேற்ற வரிசை வரைக்கும் நடை குறைவு. கால் வலிக்கிறவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

விழுப்புரத்துக்காரன்:
ரொம்ப நன்றி. சரி, திருச்சிதான். திருவிழா 25 நாள் நடப்பதால் தேருக்கு முந்தைய வாரம் கூட்டம் குறைவாக இருக்கும்போது டிக்கெட் பார்க்கிறேன். வலிகாமத்தான் அண்ணா, கோயிலுக்குப் பக்கத்தில் கீழ்த்தளத்திலேயே அறை கிடைக்கிற இடம் ஏதாவது தெரியுமா?