நெட்வொர்க் டிரைவரில் எழுத்துப்பிழை திருத்தும் பேட்ச் பொருந்தவில்லை – உதவி தேவை

அலைவரி:
வணக்கம். லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் மையநிரல்) ஈதர்நெட் டிரைவர் (நெட்வொர்க் அட்டையை இயக்கும் நிரல்) ஒன்றில் கண்ணில் பட்ட எழுத்துப்பிழைகளைத் திருத்திப் பராமரிப்பாளர்களுக்குப் பேட்ச் (நீக்க, சேர்க்க வேண்டிய வரிகள் அடங்கிய திருத்தக் கோப்பு) அனுப்பினேன். ‘பொருந்தவில்லை’ என்று பதில் வந்திருக்கிறது. என் கணினியில் சரியாகப் பொருந்துகிறது, கம்பைலும் ஆகிறது. என்ன செய்வது? சற்று அவசரம்.

நூல்கண்டு:
எந்த மரத்தின் (மூலநிரல் தொகுப்பின்) மீது திருத்தினீர்கள், எதன் வழியாக அனுப்பினீர்கள், பிழைச் செய்தியின் வாசகம் என்ன? இவை தெரியாமல் ஊகிக்கத்தான் முடியும். ‘பேட்ச் சிதைந்துள்ளது’ என்று கிட் (நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) சொல்வதும் ‘பொருந்தவில்லை’ என்று சொல்வதும் ஒன்றல்ல. நீண்ட வரியை மின்னஞ்சல் செயலி மடித்துவிட்டால் பெரும்பாலும் முதல் செய்தி வரும். வரித் தொடக்கத்தில் டேப் எழுத்து இருந்த இடத்தில் இடைவெளிகள் புகுந்தாலோ, அடிப்படைக் கோப்பே வேறாக இருந்தாலோ இரண்டாவது வரும்.

தறி:
டேப்தான் காரணம், சந்தேகமே வேண்டாம். அந்தப் பேட்சை உங்களுக்கே அனுப்பி, வந்த மடலைச் சேமித்து, புதிதாக எடுத்த மரத்தில் ‘கிட் ஏஎம்’ (மடலில் உள்ள பேட்சைப் பொருத்தும் கட்டளை) கொடுத்துப் பாருங்கள். உண்மை உடனே தெரிந்துவிடும்.

பழங்கணக்கு:
கெர்னலின் நெட்வொர்க் பிரிவுக்கான ஆவணத்தை ஒருமுறை வாசித்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. பிழைதிருத்தங்கள் ‘நெட்’ மரத்துக்கும், எழுத்துப்பிழை போன்றவை ‘நெட்-நெக்ஸ்ட்’ மரத்துக்கும் செல்லும். தலைப்பிலேயே மரத்தின் பெயரைக் குறிப்பிட வேண்டும். மெர்ஜ் விண்டோ (அடுத்த பதிப்புக்கான மாற்றங்களை முதன்மை மரத்தில் சேர்க்கும் காலம்) நடக்கும் ஏறத்தாழ 2 வாரங்களில் நெட்-நெக்ஸ்ட் மூடியிருக்கும் என்பதையும் இப்போதாவது தெரிந்துகொள்ளுங்கள்.

நூல்கண்டு:
மரம் மூடியிருந்தால் அதைச் சொல்லியே திருப்பி அனுப்புவார்கள், ஐயா. ‘பொருந்தவில்லை’ என்பது அந்தப் பதில் அல்ல.

அலைவரி:
இயங்குதளத்தின் பொதியுடன் வந்த மூலநிரலில் திருத்தினேன். டிஃப்பை (மாறிய வரிகளின் பட்டியலை) உலாவியில் மின்னஞ்சலுக்குள் ஒட்டி அனுப்பினேன். திருத்தியவை பெரும்பாலும் கமெண்ட்கள் (நிரலுக்குள் எழுதும் விளக்கக் குறிப்புகள்), ஒன்று மட்டும் ஈத்தூல் (நெட்வொர்க் அட்டையின் விவரங்களைக் காட்டும் கட்டளை) காட்டும் புள்ளிவிவரப் பெயர்.

தறி:
உலாவியில் ஒட்டினால் டேப் எப்படிப் பிழைக்கும்? நான் சொன்னதுதான்.

நூல்கண்டு:
பொதியிலுள்ள மூலநிரல் நெட்-நெக்ஸ்டைவிடப் பழையது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே பிழையை வேறொருவர் ஏற்கெனவே திருத்தியிருந்தால், நீங்கள் நீக்கச் சொல்லும் வரி அங்கே இருக்காது. நெட்-நெக்ஸ்டை எடுத்து, அதே கோப்பின் மாற்ற வரலாற்றை ‘கிட் லாக்’ கொடுத்துப் பார்த்துவிட்டு, திருத்தத்தை அதன் மீது மறுபடி செய்யுங்கள். பேட்சின் நடையைச் சரிபார்க்கும் ‘செக்பேட்ச்’ ஓட்டி, ‘கிட் சென்ட்-ஈமெயில்’ வழியாக அனுப்புங்கள். ‘சைன்டு-ஆஃப்-பை’ என்னும் கையொப்ப வரியை மறக்க வேண்டாம்.

சிற்றலை:
அந்தப் புள்ளிவிவரப் பெயரைத் தயவுசெய்து தொடாதீர்கள். ‘ஈத்தூல் -எஸ்’ வெளியீட்டில் அந்தப் பிழையான பெயரையே தேடி எடுக்கும் கண்காணிப்பு ஸ்கிரிப்ட்கள் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கும். பெயர் திருந்திய நாளில் அவை வரையும் புள்ளிவிவர வரைபடம் சத்தமில்லாமல் வெறுமையாகிவிடும். பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் திரும்பத் திரும்ப வலியுறுத்துவது இதைத்தான்.

பழங்கணக்கு:
கமெண்ட்களை மட்டும் திருத்துவதால் என்ன பயன்? ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் ‘கிட் பிளேம்’ குழம்பும். பழைய நிலைப்பதிப்புகளுக்குப் பிழைதிருத்தங்களைக் கொண்டுசெல்பவருக்கு வீண் முரண்கள் மிஞ்சும். பெயர் பதிக்கும் ஆசைதான் இதற்கெல்லாம் காரணம்.

சிற்றலை:
நீங்கள் மேற்கோள் காட்டிய அதே ஆவணம், வேறு பணியோடு தொடர்பில்லாத வெறும் சீரமைப்புகளை ஊக்குவிப்பதில்லை என்று சொல்லிவிட்டு, எழுத்துப்பிழை, இலக்கணத் திருத்தங்களுக்கு அந்தத் தயக்கம் இல்லை என்று வெளிப்படையாகவே விலக்கு அளிக்கிறது. வாசித்தவர் அந்த வாக்கியத்தையும் வாசித்திருக்கலாம்.

பழங்கணக்கு:
விலக்கு என்பது அழைப்பு அல்ல. ஒவ்வொரு பேட்சையும் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

சிற்றலை:
கமெண்டில் சில்லுக்குள் இருக்கும் பதிவேட்டின் (ரெஜிஸ்டர்) பெயர் பிழையாக இருந்தால், அந்தச் சில்லின் தரவுத்தாளில் அதைத் தேடுபவரின் நேரம் போகிறதே. அதை யார் கணக்கில் எழுதுவது?

அலைவரி:
நெட்-நெக்ஸ்டில் இரண்டு கமெண்ட்கள் முன்னரே திருத்தப்பட்டிருந்தன. மீதியை மட்டும் சென்ட்-ஈமெயில் வழியாக அனுப்பினேன், பொருந்திவிட்டது. புள்ளிவிவரப் பெயரை விட்டுவிட்டேன். நன்றி.

தறி:
மகிழ்ச்சி. முதல் மடலில் டேப் சிதைந்திருந்ததா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள், நண்பரே.