கல்விக் கடன்: கூடுதலாகக் கட்டும் பணம் அசலில் கழிகிறதா என்று பாருங்கள்

இன்ஜினியரிங் படிக்க நான் வாங்கியது நான்கு லட்சம். அந்தத் தொகை வரை அடமானம் தேவையில்லை. அப்பா கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டார். வருடத்துக்கு ஒரு லட்சமாகப் பணம் நேராகக் கல்லூரிக்குப் போனது. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கிடையாது என்றார்கள். ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும். 10 சதவீதத் தனி வட்டி சேர்ந்து, தவணை தொடங்கும்போது கடன் 5,40,000 ரூபாய். அப்பாவுக்கு அன்று இரவு தூக்கமே இல்லை.

பத்து வருடத்துக்கு மாதம் சுமார் 7,140 ரூபாய் என்று தவணை போட்டார்கள். அப்படியே கட்டியிருந்தால் இனிமேல் வரும் வட்டி மட்டும் மூன்று லட்சத்தைத் தாண்டும். மாதம் 3,000 சேர்த்துக் கட்டினால் ஆறு வருடத்துக்குள் கடன் முடியும், ஏறக்குறைய 1,40,000 ரூபாய் வட்டி மிச்சமாகும். சரி, அப்படியே செய்வோம் என்று ஆரம்பித்தேன்.

சில மாதம் கழித்து ஸ்டேட்மென்ட் வாங்கிப் பார்த்தால், கூடுதல் பணம் அசலில் கழியவே இல்லை. வங்கிக்குப் போய்க் கேட்டேன். "அடுத்த தவணைக்கு அட்வான்ஸா வெச்சிருக்கோம்மா" என்றார் கவுன்டரில் இருந்தவர். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் வரும் என்றும் சொன்னார். பக்கத்து மேசையில் இருந்த மூத்த ஊழியர்தான் குறுக்கிட்டு, மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய கடனுக்கு அபராதம் போடக் கூடாது, ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது என்றார். அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். "கூடுதல் தொகையை அசலில் கழிக்கவும், தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கவும்" என்று கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் அசல் இறங்கியது. போனஸ் வந்த மாதங்களில் அதையும் அதிலேயே போட்டேன்.

"வருமான வரிச் சட்டம் 80இ பிரிவில் கல்விக் கடன் வட்டிக்கு வரிவிலக்கு இருக்கே, ஏன் அவசரப்படுறே?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். அந்த விலக்கு பழைய வரி முறையில் மட்டும்தான், அதுவும் எட்டு வருடத்துக்குத்தான். 20 சதவீத வரி கட்டுபவருக்குக்கூட, நூறு ரூபாய் வட்டி கட்டினால் மிச்சமாவது இருபது ரூபாய்தான். அதற்காகக் கடனை இழுத்துக்கொண்டு போவதில் எனக்கு உடன்பாடில்லை.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு: வீட்டில் முடியுமானால் படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது கட்டிவிடுங்கள். அப்படிக் கட்டினால் பல வங்கிகளில் வட்டியில் 1 சதவீதம் சலுகையும் உண்டு. குடும்ப வருமானம் வருடத்துக்கு 4.5 லட்சத்துக்குள் என்றால், தொழில்நுட்ப, தொழிற்படிப்புகளுக்கு தவணை தொடங்கும் வரையிலான வட்டியை மத்திய அரசு ஏற்கும் மானியம் இருக்கிறது. உங்களுக்குப் பொருந்துமா என்று வங்கியில் நீங்களாகவே கேளுங்கள்.

அப்புறம், கடன் முடிந்ததும் நிலுவை இல்லை என்ற சான்றிதழைக் கையோடு வாங்குங்கள். ஓரிரு மாதம் கழித்து, நம் கடன் விவரங்களைக் காட்டும் சிபில் அறிக்கையில் கணக்கு மூடப்பட்டதாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்பா பெயரிலும் பார்க்க வேண்டும், அவரும் கடன்தாரர்தானே.