ஏ.பி.பி. வேலையிலிருந்து டிராஃப்டிங் வகுப்புக்குப் போகிறேன், எங்கிருந்து தொடங்குவது?

மேலூர்க்காரி:
மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் 11 வருடம் ஏ.பி.பி.யாக, அதாவது உதவி அரசு வழக்கறிஞராக இருந்தேன். இப்போது மதுரையில் ஒரு சட்டக் கல்லூரியில் டிராஃப்டிங்கும் (மனு, பத்திரம் எழுதுவது) மூட் கோர்ட்டும் (மாதிரி நீதிமன்றப் பயிற்சி) எடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். பார் கவுன்சில் விதிப்படி மனு வரைவில் 15 பயிற்சி, பத்திர வரைவில் 15 பயிற்சி, ஒவ்வொரு பகுதிக்கும் 45 மதிப்பெண். பிள்ளைகள் சீனியர் நோட்டைப் பார்த்து அப்படியே எழுதி வைத்துவிடுகிறார்களாம். கோர்ட்டில் நிற்க எனக்குத் தெரியும், அதைச் சொல்லிக்கொடுத்துப் பழக்கமில்லை. இந்த வழியில் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பழைய பி.பி., கே.கே.நகர்:
வாங்கம்மா. செஷன்ஸ் கோர்ட்டில் அரசுத் தரப்பில் நின்றுவிட்டு, ஒன்பது வருடமாக வகுப்பெடுக்கிறேன்.

முதல் நாளே படிவத்தைக் கையில் எடுக்காதீர்கள். நான் பிள்ளைகளை டீக்கடைக்கு அனுப்புவேன். ராத்திரி 9 மணிக்கு இங்கே ஒரு வெட்டுக்குத்து நடந்ததாக வைத்துக்கொண்டு, பார்வை மகஜரும் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு) மாதிரி வரைபடமும் எழுதி வரச் சொல்வேன். கடை எந்தத் திசை பார்த்தது, வேப்பமரம் எத்தனை அடி தள்ளி, சாட்சி எங்கே நின்றார் எல்லாம் இருக்கும். தெருவிளக்கை முக்கால்வாசிப் பேர் விட்டிருப்பார்கள். அடுத்த வகுப்பில் அந்தத் தாளை வைத்தே இன்னொரு குழு குறுக்கு விசாரணை செய்யும். ‘விளக்கே இல்லாத இடத்தில் முகத்தை எப்படிப் பார்த்தீர்கள்?’ அந்த ஒரு கேள்விக்கு அப்புறம் அவர்கள் எழுதுகிற விதமே மாறிவிடும்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு கொலை வழக்கில் நேரில் பார்த்த சாட்சி ஒரு வயதான அம்மா. ‘விளக்கு வைக்கிற நேரம்’ என்றார். போலீஸ் வாக்குமூலத்தில் ‘இரவு’ என்று இருந்தது. எதிர்த்தரப்பு அதை முரண்பாடாகப் பிடித்துக்கொண்டது. குறுக்கு விசாரணை முடிந்ததும் நம் சாட்சியை நாமே திரும்பக் கேட்கிற மறு விசாரணையில் ‘விளக்கு வைக்கிற நேரம் என்றால் என்ன நேரம்மா?’ என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் உட்கார்ந்துவிட்டேன். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், விடுதலை. வராண்டாவில் அந்த அம்மா, ‘நான் பார்த்ததைத்தானே சொன்னேன், ஐயா’ என்றார்.

அதனால் என் வகுப்பில் சாட்சியின் சொல்லை மாற்றி எழுதினால் மதிப்பெண் கிடையாது. இங்கே சாட்சியம் தமிழில் பதிவாகிறது. அப்பீல் ஒத்தக்கடைப் பக்கம் ஹைகோர்ட் கிளைக்குப் போனால் வாதம் ஆங்கிலத்தில். 2004இல் கிளை வந்ததிலிருந்து நம் பிள்ளைகளுக்கு இரண்டும் கைவர வேண்டியிருக்கிறது. ‘கோழி கூப்பிடுகிற நேரம்’, ‘கூப்பிடு தூரம்’ இதையெல்லாம் பொருள் கெடாமல் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லிப் பாருங்கள். ஒரு வகுப்பு முழுக்கப் போய்விடும், போகட்டும்.

ஜூனியர் வக்கீல், திருமங்கலம்:
அக்கா, ஒரு வேண்டுகோள். முரண்பாட்டை எப்படிப் பதிவு செய்வது என்று கல்லூரியிலேயே சொல்லிக்கொடுங்கள். முந்தைய வாக்குமூலத்தில் அந்த வரியைச் சாட்சிக்குக் காட்டிக் கேட்க வேண்டும், சாட்சி மறுத்தால் பிறகு விசாரணை அதிகாரி மூலம் நிரூபிக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 145, புதியதில் 148. எனக்கு இது முதல் செஷன்ஸ் வழக்கில் நீதிபதி சொல்லித்தான் தெரிந்தது. கட்சிக்காரர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். இன்னொன்று, 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த கொலைக்கு இன்னும் பழைய தண்டனைச் சட்டத்தின் (ஐ.பி.சி.) 302தான், அதற்குப் பிறகு நடந்ததற்குப் புதிய சட்டத்தின் (பி.என்.எஸ்.) 103. இரண்டிலும் எழுதிப் பழக்குங்கள்.

மேலூர்க்காரி:
ரொம்ப நன்றி. ஐயா, வகுப்பில் 60 பேர். அத்தனை தாளையும் எப்படித் திருத்துகிறீர்கள்?

பழைய பி.பி., கே.கே.நகர்:
எல்லாவற்றையும் திருத்த முடியாதம்மா. வாரம் பத்துப் பேர், ஆளுக்கு ஒரு பத்தி, எழுதியவரே எழுந்து நின்று உரக்க வாசிக்க வேண்டும். மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை அவர்களே உடைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கும் அது பாடம்தான்.

மேலூர்க்காரி:
சரி ஐயா. திங்கட்கிழமை முதல் வகுப்பு. கல்லூரி வாசலில் டீக்கடை இல்லை, ஒரு பழக்கடை இருக்கிறது. நாளைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

பழைய பி.பி., கே.கே.நகர்:
ஏழு மணிக்கு மேல் போங்கள். எந்த விளக்கு எரிகிறது என்று அப்போதுதான் தெரியும்.