3 வயதுக் குழந்தையோடு ஆர்.வி. பயணம்: ஏரியை ஒட்டிய முகாமா, மரங்களுக்குள் இருக்கும் முகாமா?

நீலச்சக்கரம்:
வணக்கம் நண்பர்களே. கோடை விடுமுறைக்குக் காடும் ஏரிகளுமாக இருக்கிற பகுதிக்கு காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற 28 அடி வீட்டு டிரெய்லரோடு (ஆர்.வி.) போகிறோம். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 3. முழங்கால் வலியோடு என் அம்மாவும் வருகிறார். இரண்டு முகாம்கள் கைவசம் இருக்கின்றன. முதலாவது சின்னது. டிரெய்லர் நிற்கும் இடம் ஏரியை ஒட்டியே இருக்கிறது, ஆனால் மின்சாரம் மட்டும்தான். இரண்டாவது பெரியது, ஃபுல் ஹூக்கப். மின்சாரம், தண்ணீர், கழிவுநீர்க் குழாய் மூன்றும் உண்டு. விளையாட்டுத் திடலும், கயிறு கட்டிய குளிக்கும் பகுதியும் இருக்கின்றன. ஏரிக்கு ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். எனக்கு முதலாவது பிடித்திருக்கிறது, மனைவிக்கு இரண்டாவது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஏரிக்கரையான்:
யோசிக்கவே வேண்டாம் சகோ, முதலாவதுதான். ஏரிக்காகத்தானே இவ்வளவு தூரம் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகிறீர்கள்? ஐந்து நிமிட நடை என்று படிக்கும்போது சுலபமாகத்தான் தெரியும். துண்டு, மாற்றுத்துணி, குடிதண்ணீர், சின்னவள் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போய்ச் சேர்ந்ததும் "பாத்ரூம் வருது" என்பாள். திரும்ப நடை. நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் ஏரிப்பக்கம் போக மாட்டீர்கள்.

உங்கள் அம்மாவையும் நினையுங்கள். முழங்கால் வலிக்காரர் அந்த நடைக்கு வர மாட்டார். எல்லாரும் தண்ணீரில் இருக்கும்போது அவர் மட்டும் டிரெய்லருக்குள் தனியாக இருப்பார். கரையிலேயே நிறுத்தினால் வண்டியின் ஆனிங் (விரிக்கும் கூரைத்துணி) நிழலில் நாற்காலி போட்டுப் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கொசுத் தொல்லையும் கரையில் குறைவு. கொசுவால் காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது. காற்று நுழையாத மரக்கூட்டத்துக்குள்தான் மொய்க்கும்.

தேன்மொழி:
குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பது என் வேலை. 3 வயதுக் குழந்தை இருக்கிற குடும்பத்துக்குத் தண்ணீரை ஒட்டிய இடம் வேண்டவே வேண்டாம் என்பேன். அமெரிக்காவில் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளின் மரணத்துக்கு முதல் காரணமே நீரில் மூழ்குவதுதான். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. மூச்சு இழுக்கவே வாய் தண்ணீருக்கு மேலே நிற்காதபோது குரல் எங்கிருந்து வரும்?

குளிக்கும் நேரத்தைக்கூட நான் சொல்லவில்லை. அப்போது எல்லாரும் கவனமாகத்தான் இருப்பார்கள். முகாமுக்கு வந்து சேரும் நேரத்தைப் பாருங்கள். நீங்கள் ஸ்டீயரிங்கில். மனைவி பின்னால் நின்று "இன்னும் இடது, நிறுத்து" என்று கை காட்டுகிறார். பெரியவன் கல் பொறுக்கி ஏரியில் எறியப் போய்விட்டான். காருக்குள் புழுக்கம், சின்னவள் அழுகிறாள், பாட்டி மனசு கேட்காமல் பெல்ட்டைக் கழற்றி இறக்கிவிடுகிறார். அப்புறம் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, மட்டம் பார்த்து, ஜாக் இறக்கி, கேபிளை இழுத்துச் சொருகி முடிக்கும்வரை உங்கள் இருவர் கண்ணும் வண்டியில்தான். தண்ணீர் பத்தடியில் இருக்கிறது. பாட்டியால் ஓட முடியாது.

ஏரிக்கரையான்:
தேன்மொழி அக்கா, ஆபத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் தூரம் வேலி ஆகாது. ஏரி தள்ளி இருக்கிறது என்ற நினைப்பே பெற்றோரின் கவனத்தைத் தளர்த்திவிடும். பெரிய முகாமில் வேறு ஆபத்து உண்டு. அங்கே நாள் முழுக்க வண்டிகள் வரும், போகும், ரிவர்ஸ் எடுக்கும். வீடும் வண்டியும் ஒன்றான பெரிய மோட்டார்ஹோமுக்குப் பின்னால் நிற்கும் 3 வயதுக் குழந்தை ஓட்டுநர் கண்ணாடியில் தெரியாது. சைக்கிள் பையன்கள் வளைவில் வேகமாக வருவார்கள். கரையில் நிறுத்துபவர்கள் காரின் கதவைத் திறக்கும் முன்பே குழந்தைக்கு லைஃப் ஜாக்கெட் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். டிரெய்லருக்கு வெளியே இருக்கும்வரை அதைக் கழற்றவே கூடாது.

தேன்மொழி:
பகலில் சரி. காலை ஐந்தரை மணிக்கு? எல்லாரும் அசந்து தூங்கும்போது எழுந்து, தானே கதவைத் திறந்து இறங்கும் குழந்தை ஜாக்கெட் மாட்டிக்கொண்டு இறங்காது. பல டிரெய்லர்களில் கதவுப் பிடி குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது. மரங்களுக்குள் நின்றால், அவள் கரைக்குப் போய்ச் சேருவதற்குள் நீங்கள் விழித்துக்கொள்ள ஐந்து நிமிடம் கிடைக்கும். அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் நான் பேசுகிறேன்.

9 வயதுப் பையனுக்கும் ஆபத்து உண்டு. ஆழமான ஏரிகளில் கோடையிலும் மேலே உள்ள நீர்தான் வெதுவெதுப்பு; கீழே சில்லென்று இருக்கும். மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் குளிர்ந்த நீருக்கு 1-10-1 என்று ஒரு கணக்கு சொல்வார். விழுந்ததும் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் நாம் சொன்னபடி கேட்பது 10 நிமிடம்வரைதான், நினைவு தப்ப 1 மணி நேரம். அந்த முதல் நிமிடத்தில் தலை மேலே நிற்க வேண்டும். நன்றாக நீந்தத் தெரிந்த பையனுக்கும் படகிலும் பாறையோரத்திலும் ஜாக்கெட் வேண்டும்.

பழைய டீசல்:
இரண்டு பேரும் கரையை விட்டு நகரவே இல்லை. தம்பி, நான் வண்டிப் பக்கத்தைச் சொல்கிறேன்.

கழிவுநீர்க் குழாய் இல்லாத இடத்தில் ஐந்து பேர் தங்கினால் முதலில் நிரம்புவது கிரே டேங்க், அதாவது பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீர் சேரும் தொட்டி. இந்த அளவு டிரெய்லர்களில் அது பெரும்பாலும் 115 முதல் 150 லிட்டர்தான் பிடிக்கும். பாத்திரம் கழுவி, குழந்தைகளை ஷவரில் குளிப்பாட்டினால் இரண்டு மூன்று நாளில் தளும்பும். அப்புறம் டிரெய்லரை மறுபடியும் காரில் கோத்து, கழிவுநீரைக் கொட்டும் டம்ப் ஸ்டேஷனுக்கு இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் வைத்த சின்ன டேங்கில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். எத்தனை நாள் தங்குகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. வார இறுதி என்றால் மின்சாரம் மட்டும் போதும். ஒரு வாரம் என்றால் ஃபுல் ஹூக்கப்.

மின்சாரம் 30 ஆம்ப்பா 50 ஆம்ப்பா என்றும் கேளுங்கள். 120 வோல்ட்டில் 30 ஆம்ப் என்றால் மொத்தம் 3600 வாட். ஏசி, மைக்ரோவேவ், வாட்டர் ஹீட்டர் மூன்றும் ஒன்றாக ஓடினால் பிரேக்கர் விழும். மர நிழலில் ஏசி வேலை குறையும் என்பது உண்மை. அதே மரம் சோலார் பேனலையும் சாட்டிலைட் டிஷ்ஷையும் மறைத்துவிடும். பக்கவாட்டில் வெளியே நீளும் ஸ்லைடு-அவுட் அறை திறக்க இடம் இருக்கிறதா, மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா என்று நிறுத்தும் முன் இறங்கிப் பாருங்கள். கேஸில் ஓடும் பழைய மாதிரி ஃபிரிட்ஜ் என்றால் வண்டி மட்டமாக நின்றே ஆக வேண்டும். கரையோர இடங்கள் ஏரியை நோக்கிச் சரிந்திருக்கும்.

விறகு வீட்டிலிருந்து கொண்டுபோகாதீர்கள். 2002-இல் வட அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட எமரால்டு ஆஷ் போரர் என்ற, ஆஷ் மரங்களைத் துளைக்கும் மரகத நிற வண்டு விறகோடு விறகாகப் பயணம் செய்துதான் புதிய காடுகளுக்குப் பரவியது.

ஏரிக்கரையான்:
நீலச்சக்கரம், முடிவெடுக்கும் முன் முதல் முகாமுக்குப் போன் பண்ணி ஒன்று கேளுங்கள். கரை எப்படி இறங்குகிறது? மணலாகச் சரிந்து பத்துப் பதினைந்து அடிக்கு முழங்கால் ஆழம் என்றால் நான் சொன்னதில் மாற்றமில்லை. பாறை விளிம்பு, உடனே ஆழம் என்றால் 3 வயதுக்கு அந்த இடம் ஆகாது. முகாமின் படத்தில் இது தெரியாது, எல்லாப் படத்திலும் சூரிய அஸ்தமனம்தான் இருக்கும்.

தேன்மொழி:
அப்படியே தண்ணீரின் தரத்தையும் கேளுங்கள். கோடைக் கடைசியில் காற்று நின்ற நாட்களில் நீலப்பச்சைப் பாசி வரும். தண்ணீர்மேல் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோலப் படலம் தெரிந்தால் குழந்தையும் நாயும் இறங்கவே கூடாது. காய்ச்சினாலும் அந்த நஞ்சு போகாது. களை மண்டிய ஆழமில்லாத ஓரங்களில் நத்தையிலிருந்து வரும் நுண்புழு தோலில் ஏறி அரிப்பைக் கொடுக்கும். கரையேறியதும் துண்டால் அழுத்தித் துடைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

நீலச்சக்கரம்:
எல்லாருக்கும் நன்றி. போன் பண்ணினேன். முதல் முகாமில் நாங்கள் பார்த்த இடம் பாறை விளிம்பு, இறங்கியதும் பெரியவர்களுக்கே இடுப்பளவு ஆழமாம். தங்கப்போவது ஒரு வாரம்.

ஏரிக்கரையான்:
அப்படியானால் அந்த இடம் வேண்டாம். ஆனாலும் பெரிய முகாமுக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். அதே சின்ன முகாமில் கரையில்லாத இடம் கேட்டுப் பாருங்கள். பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்ற விதி இரண்டு இடத்திலும் இருக்கும். அதை மதிக்கிறவர்கள் சின்ன முகாமில்தான் அதிகம்.

நீலச்சக்கரம்:
கேட்டேன் அண்ணா, எங்கள் தேதிகளில் இல்லை. இரண்டாவது முகாமில் நுழைவாயிலிலிருந்து தள்ளி, பாதை முடிகிற கடைசி இடத்தை எடுத்துவிட்டோம். அந்தப் பக்கம் வண்டிகள் கடந்து போகாது. குளிக்கும் இடம்வரை அம்மாவைக் காரில் இறக்கிவிடலாம் என்றும் சொன்னார்கள்.

தேன்மொழி:
நல்லது. கிளம்பும் முன் டிரெய்லர் கதவில் உங்கள் தோள் உயரத்துக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுவிடுங்கள்; பெரியவர்கள் இருட்டிலும் சட்டென்று திறக்கிற மாதிரி இருக்கட்டும். சின்னவளுக்கு ஜாக்கெட்டை மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது அவள் அளவு இல்லை. கால்களுக்கு நடுவே பட்டை உள்ளதாக வாங்குங்கள்.