உமிக்கரியில் கீரை வளர்ப்பு: பிஎச் ஏறுவதைத் தடுக்க ஆலோசனை தேவை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். மொட்டை மாடியில் ஹைட்ரோபோனிக்ஸ் (மண்ணில்லாமல் ஊட்டக் கரைசலில் வளர்க்கும்) முறையில் பாலக்கும் லெட்டூஸும் வளர்த்து வருகிறேன். தென்னை நார்க்கழிவை மட்டும் நம்பியிராமல், குறைந்த காற்றில் கருக்கிய நெல் உமியையும் அதனுடன் சரிபாதியாகக் கலந்து வளர்ப்பு ஊடகமாகப் பயன்படுத்துகிறேன். எடை குறைந்த, வேருக்கு நல்ல காற்றோட்டம் தரும் இந்தக் கரிக்கு அரிசி ஆலை உமியே போதும் என்பது பெரிய வசதி.

உமிக்கரியிலுள்ள சாம்பலும் பொட்டாசியமும் அதற்குக் காரத்தன்மையைத் தருகின்றன. கீரைகளுக்கான ஊட்டக் கரைசலின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 5.5 முதல் 6.5 வரை இருப்பது நல்லது. ஆனால், கரியைப் பலமுறை கழுவி, சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்த பிறகும், சில நாட்களிலேயே பிஎச் 7-ஐத் தாண்டிவிடுகிறது. இளம் இலைகளில் நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்க, இடைப்பகுதி வெளிறிப்போகிறது. இடிடிஏ (இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்துவைக்கும் சேர்மம்) வடிவ இரும்பு பிஎச் 6.5-க்கு மேல் நிலைப்பதில்லை என்பதால், இதை இரும்புச்சத்துக் குறைபாடு என்றே கருதுகிறேன். சிட்ரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் சிதைத்துவிடுவதும் பிஎச் மீண்டும் ஏறக் காரணமாக இருக்கலாம்.

பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்தவர்கள் எந்த அளவில், எவ்வளவு நேரம் வைத்தீர்கள்? அதே வகைச் சேர்மமான டிடிபிஏ வடிவ இரும்புக்கு மாறியவர்களுக்குப் பலன் கிடைத்ததா? நாற்றைப் பாதிக்காமல் கரியின் பங்கை எவ்வளவு வரை உயர்த்தலாம்? சொட்டுக் குழாய்களை அடைக்கும் கரித்தூளைச் சலித்து நீக்க ஏற்ற சல்லடைக் கண் அளவையும், சீமைக் கருவேலங்கரியை உடைத்துப் பயன்படுத்திய அனுபவம் இருந்தால் அதையும் தெரிவியுங்கள். பதிலில் பயிரின் பெயரையும் உங்கள் நீரின் பிஎச் அளவையும் குறிப்பிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க மிகவும் உதவும்.